வால்யூம் குமிழுக்குப் பின்னால்: பொட்டென்ஷியோமீட்டரும் மல்டிமீட்டரும்

இந்த வாரம் ரொம்பச் சின்னப் பொருள் ஒண்ணைப் பத்திப் பேசப்போறோம். கிட்டார் ஆம்ப்ல வால்யூம், ட்ரெபிள், பேஸ்னு நீங்க எதைத் திருகினாலும் அந்தக் குமிழுக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கிறது இதுதான். பேர் பொட்டென்ஷியோமீட்டர், சுருக்கமா பாட். பழைய ரேடியோ மெக்கானிக்குங்க "வால்யூம் கன்ட்ரோல்"னே சொல்லிடுவாங்க.

"ப்ரோ, ஆம்ப் கட்டுறேன், பாட்டை மல்டிமீட்டர்ல எப்படி செக் பண்றது?" இதுதான் கேள்வி. செய்முறையை மட்டும் அஞ்சு நிமிஷத்துல சொல்லிடலாம், இந்த எபிசோடுலயே சொல்லவும் போறேன். ஆனா முதல்ல அந்தப் பேரைக் கவனிங்க. தெர்மாமீட்டர் வெப்பத்தை அளக்குது. ஸ்பீடோமீட்டர் வேகத்தை அளக்குது. பொட்டென்ஷியோமீட்டர் எதை அளக்குது? எதையும் அளக்கலை. மீட்டர்னு பேரை வச்சுக்கிட்டு சும்மா இருக்கு. அதை நாம இன்னொரு மீட்டரை வச்சு அளக்குறோம். இந்த ரோல் ரிவர்சல் எப்படி நடந்ததுன்னு தெரிஞ்சா, பாட்டை ஏன் அளக்கணும், அளக்கும்போது எதைப் பார்க்கணும்னு தானாப் புரிஞ்சிடும்.

பிளஸ் டூ லேப்ல பார்த்த ஆளுதான்

பிளஸ் டூல இயற்பியல் எடுத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீளமான மரப் பலகை, அதுல மேலும் கீழுமா ஓடுற 10 மீட்டர் கம்பி, கையில ஒரு ஜாக்கி. லெக்லாஞ்சே செல், டேனியல் செல் ரெண்டோட மின்னியக்கு விசையை ஒப்பிடணும். ஜாக்கியைக் கம்பி மேல தொட்டுத் தொட்டு நகர்த்தி, கால்வனோமீட்டர் முள் நடுவுல நிக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சா முடிஞ்சது. அந்தப் பலகைக்குப் பேர் மின்னழுத்தமானி, அதாவது பொட்டென்ஷியோமீட்டர். அசல் பொட்டென்ஷியோமீட்டர் அதுதான்.

இந்த முறையோட வேர் 1841-ல் இருக்கு. பெர்லினில் இருந்த இயற்பியலாளர் யோஹான் கிறிஸ்டியன் போகென்டார்ஃப் இதை உருவாக்கினார். அவருக்கு இருந்த சிக்கல் இதுதான்: ஒரு செல்லோட வோல்டேஜை அளக்க ஒரு மீட்டரை இணைச்சா, அந்த மீட்டர் செல்லிலிருந்து கொஞ்சம் கரண்டை இழுக்கும். இழுத்தா வோல்டேஜ் இறங்கிடும். அளக்கிற செயலே அளவைக் கெடுத்துடும். அதுக்கு அவர் கண்டுபிடிச்ச வழி, ஒரு வோல்டேஜுக்கு எதிரா இன்னொரு வோல்டேஜை நிறுத்தி ரெண்டையும் சமன் செய்றது. முள் அசையாம நிக்கிற அந்த நேரத்துல, அளக்கப்படுற செல்லிலிருந்து கரண்டே ஓடாது. தராசுல எடை போடுற மாதிரி.

இதே போகென்டார்ஃப் பேர்ல ஒரு கண்மாயையும் இருக்கு. ஒரு பட்டைக்குப் பின்னால சாய்வா போற நேர்கோடு, மறுபக்கம் வெளியே வரும்போது விலகி வர்ற மாதிரி தெரியும். அளந்து பார்த்தா நேர்கோடுதான். 1860-ல் அவர் இதைச் சுட்டிக்காட்டினார். கண்ணு சொல்றதை அப்படியே நம்பாதேன்னு சொன்ன மனுஷன்தான் பொட்டென்ஷியோமீட்டருக்கும் மூதாதை.

அந்த லேப் பலகையில மூணு இணைப்பு இருக்கு: கம்பியோட ரெண்டு முனை, நடுவுல நகர்ற ஜாக்கி. இப்போ அந்தக் கம்பியை வளைச்சு ஒரு ரூபாய் நாணயம் அளவு வட்டமா ஆக்குங்க. கம்பிக்குப் பதிலா கார்பன் பட்டை வைங்க. ஜாக்கியை ஒரு தண்டோட சேர்த்துடுங்க. உங்க ஆம்ப்ல இருக்கிற பாட் ரெடி. மூணு கால், நடுக்கால்தான் ஜாக்கி. அதுக்கு இப்போ பேர் வைப்பர்.

வீட்டுக்குள்ள வந்த ரேடியோ

1843-ல் இங்கிலாந்தில் சார்லஸ் வீட்ஸ்டோன் "ரியோஸ்டாட்" என்ற மாறும் மின்தடையை விவரித்தார். அந்தப் பேரும் அவர் வச்சதுதான். 1920-களோட ஆரம்பகால ரேடியோக்கள்ல பல செட்டுல சத்தத்தைக் குறைக்க இந்த ரியோஸ்டாட்தான் பயன்பட்டது. வால்வுக்குள்ள இருக்கிற இழையோட சூட்டைக் குறைச்சா சத்தமும் குறையும். ஒருத்தர் பேசுற சத்தத்தைக் குறைக்க அவருக்குச் சாப்பாட்டைக் குறைக்கிற மாதிரி ஒரு வழி அது.

அப்புறம் சிக்னலையே பங்கு போடுற முறை வந்தது. சிக்னலை பாட்டோட ரெண்டு முனைக்கும் குறுக்கே கொடு, வைப்பர்ல எவ்வளவு பங்கு வேணுமோ அதை எடுத்துக்கோ. போகென்டார்ஃபோட கம்பி செஞ்ச அதே வேலை. ஆனா இப்போ அளக்க இல்லை, கட்டுப்படுத்த. இந்த இடத்துலதான் கருவி உதிரிபாகமாச்சு. ரேடியோ வீட்டுக்கு வீடு போனப்போ பாட்டை லட்சக்கணக்குல, மலிவா செய்ய வேண்டியிருந்தது. கார்பன் பூச்சை அவ்வளவு துல்லியமா பூச முடியாது. அதனால 20 சதவீதம் கூடக் குறைய இருந்தா பரவாயில்லைன்னு தொழில் ஒத்துக்கிட்டது. இன்னிக்கும் கிட்டார், ஆம்ப் பாட்டுகள்ல அது சாதாரணம்.

20 சதவீதம்னா கணக்குப் போட்டுப் பாருங்க. மேல "1 மெகா ஓம்"னு அச்சடிச்சிருக்கிற பாட், 8 லட்சம் ஓமிலிருந்து 12 லட்சம் ஓம் வரைக்கும் எதுவா இருந்தாலும் அது நல்ல பாட்தான். "250 கிலோ"ன்னு போட்டது 2 லட்சமாவும் இருக்கலாம், 3 லட்சமாவும் இருக்கலாம். நான் வேலை பார்க்கிறது சாஃப்ட்வேர்ல. எங்க ஊர் பாஷையில சொன்னா, மேல அச்சடிச்சிருக்கிறது டாக்குமென்டேஷன். உள்ளே ஓடுறது வேற வெர்ஷனா இருக்க முழு வாய்ப்பு இருக்கு.

இன்னொரு விஷயம், டேப்பர். நம்ம காது சத்தத்தை நேர் விகிதத்துல கேக்கிறதில்லை. சிக்னல் வோல்டேஜ் பாதியானா, நமக்குப் பாதி சத்தமாத் தெரியாது, கொஞ்சம் குறைஞ்ச மாதிரிதான் தெரியும். அதனால நேரா ஏறுற லீனியர் பாட்டை வால்யூமுக்குப் போட்டா, திருகின முதல் கால்வாசியிலேயே சத்தம் முக்கால்வாசி வந்துடும், மிச்சத் திருகல் வீண். இதைச் சரிக்கட்ட வந்ததுதான் ஆடியோ டேப்பர், லாக் டேப்பர்னும் சொல்வாங்க. பாதி திருகும்போது மதிப்பு 10, 15 சதவீதம்தான் வந்திருக்கும். பேருதான் லாக். மலிவான பாட்டுகள்ல உள்ளே உண்மையான லாகரிதம் வளைவு கிடையாது. வேற வேற மின்தடை கொண்ட கார்பன் துண்டுகளை ஒட்டவச்சு, உடைஞ்ச நேர்கோடா வளைவைப் போலி பண்றாங்க.

மூணு மீட்டரைத் தூக்கிச் சுமந்தவர்

இப்போ மறுபக்கம், மல்டிமீட்டர். 1920-களோட தொடக்கத்தில் பிரிட்டிஷ் தபால் துறையில் டொனால்ட் மெக்காடி என்று ஓர் எஞ்சினியர் இருந்தார். அந்தக் காலத்துல அங்கே தந்தி, டெலிபோன் எல்லாம் தபால் துறைக்குக் கீழேதான். லைன் பழுது பார்க்கப் போகும்போது கரண்டுக்கு ஒரு மீட்டர், வோல்டேஜுக்கு ஒண்ணு, மின்தடைக்கு ஒண்ணுன்னு தனித்தனியா தூக்கிட்டுப் போகணும். கடுப்பாகி, மூணையும் ஒரே பெட்டிக்குள்ள வச்சார். ஆம்பியர், வோல்ட், ஓம் மூணோட முதல் எழுத்தைச் சேர்த்து ஏவோமீட்டர்னு பேர். 1923-ல் விற்பனைக்கு வந்தது. அந்த வரிசை 2008 வரைக்கும் தயாரிப்புல இருந்ததுன்னா பாருங்க.

முள் மீட்டர் போய் நம்பர் காட்டுற மீட்டர் வந்தது அப்புறம். 1950-களோட ஆரம்பத்துல கலிஃபோர்னியாவில் ஆண்ட்ரூ கே டிஜிட்டல் வோல்ட்மீட்டரைக் கொண்டு வந்தார். 1977-ல் ஃப்ளூக் நிறுவனத்தோட 8020ஏ வந்தப்போ அது கையில பிடிக்கிற அளவுக்கு வந்துடுச்சு. இப்போ உங்க டேபிள்ல இருக்கிற மஞ்சள் மீட்டர் அந்த வம்சம்தான்.

இதனால நடந்த பெரிய மாற்றம் என்னன்னா, அளக்கிற அதிகாரம் லேப்ல இருந்து ரிப்பேர் கடைக்கு வந்தது. கம்பெனி அச்சடிச்சதை நம்பி ஆகணும்னு கட்டாயம் இல்லை. கடைக்காரரே அளந்து பார்க்கலாம்.

ரேடியோ கடையில இருந்து ராக் மியூசிக்

அப்படி ஒரு ரிப்பேர் கடைக்காரர்தான் லியோ ஃபெண்டர். 1938-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ சர்வீஸ் கடை திறந்தார். அவருக்கு கிட்டார் வாசிக்கவே தெரியாது. ஆனா ரேடியோவோட உள்ளும் புறமும் தெரியும். ஆரம்பகால கிட்டார் ஆம்ப்னா கிட்டத்தட்ட டியூனர் இல்லாத ரேடியோதான்: அதே வால்வு, அதே கெபாசிட்டர், அதே பாட், அதே 20 சதவீதம்.

அவரோட கம்பெனி 1950-களோட கடைசியில செஞ்ச பாஸ்மேன் 5எஃப்6-ஏ ஆம்பை எடுத்துக்கங்க. வால்யூம் 1 மெகா, பேஸ் 1 மெகா, ட்ரெபிள் 250 கிலோ, மிடில் 25 கிலோ, பிரசன்ஸ் 5 கிலோ. 1962-ல் மேற்கு லண்டன் ஹான்வெல்லில் டிரம்ஸ் கடை வச்சிருந்த ஜிம் மார்ஷல், தன்னோட ரிப்பேர்காரர் கென் பிரான், டட்லி கிரேவன் என்ற இளைஞர் ரெண்டு பேரோட சேர்ந்து அந்த சர்க்யூட்டை அப்படியே எடுத்து ஜேடிஎம்45 செஞ்சார். அமெரிக்க ஆம்ப் இங்கிலாந்துல யானை விலை, அதனாலதான்.

ஸ்கீமேட்டிக் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா சத்தம் வேற. ஏன்னா பாகங்கள் உள்ளூர்ல கிடைச்சது. முதல் வால்வு 12ஏஒய்7-க்குப் பதிலா ரெண்டு மடங்குக்கும் மேல பெருக்கிற ஈசிசி83. பவர் வால்வு சீக்கிரமே பிரிட்டிஷ் கேடி66 ஆச்சு. டிரான்ஸ்ஃபார்மர் வேற. 10 இன்ச் ஜென்சன் ஸ்பீக்கர் நாலுக்குப் பதிலா 12 இன்ச் செலெஸ்டியன் நாலு, அதுவும் மூடின பெட்டியில. படத்துல ஒரே சர்க்யூட், நிஜத்துல ரெண்டு ஆம்ப். 1966-ல் ஜான் மேயல் ஆல்பத்துல எரிக் கிளாப்டன் வாசிச்சது இந்த சர்க்யூட் வழி வந்த மார்ஷல் காம்போ. அதோட மாடல் பேர் "1962". அது வருஷம் இல்லைங்க, வெறும் மாடல் நம்பர். அச்சடிச்ச நம்பரை நம்புறதுல இருக்கிற ஆபத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சரி, இப்போ அளப்போம்

முதல்ல உயிர். வால்வு ஆம்ப் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல இருக்கும். சுவிட்சை ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் அதைப் பிடிச்சு வச்சிருக்கும். தகுந்த ரெசிஸ்டர் வழியா அதை வடிய விட்டு, மீட்டரை டிசி வோல்ட்ல வச்சு வோல்டேஜ் போயிடுச்சான்னு பார்த்த பிறகுதான் கை உள்ளே போகணும். இதுல பழக்கம் இல்லைன்னா தெரிஞ்சவங்க பக்கத்துல இருக்கும்போது மட்டும் செய்ங்க. புது பாட்டை சர்க்யூட்ல வைக்கிறதுக்கு முன்னாடியே அளந்துட்டா இந்தத் தலைவலியே இல்லை.

பாட் ஏற்கனவே ஆம்ப்ல இருந்தா, மூணு கால்ல ரெண்டையாவது சால்டர் எடுத்துப் பிரிக்கணும். இல்லைன்னா மத்த பாகங்களும் இணையா சேர்ந்து தப்பான நம்பர் காட்டும்.

முதல் அளவு: ஓரத்துல இருக்கிற ரெண்டு காலுக்கும் நடுவுல. 1 மெகா பாட்டுக்கு மீட்டரை 2 மெகா ரேஞ்சுல வைங்க. வர்ற நம்பரைக் குறிச்சுக்கங்க. திருகினாலும் அந்த நம்பர் மாறக்கூடாது. ப்ரோப் முனை ரெண்டையும் விரலால பிடிச்சுக்கிட்டு அளக்காதீங்க. இவ்வளவு பெரிய மதிப்புல உங்க உடம்பே ஒரு ரெசிஸ்டரா சேர்ந்து நம்பரைக் குறைச்சுக் காட்டும்.

ரெண்டாவது அளவு: ஓரக் காலுக்கும் நடுக்காலுக்கும். ஒரு கோடியில பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல, மறு கோடியில மொத்த மதிப்புக்குப் பக்கத்துல. நடுவுல மெதுவா திருகிக்கிட்டே வாங்க. சீராப் போகணும். திடீர்னு ஓஎல் காட்டினா அந்த இடத்துல வைப்பர் பட்டையைத் தொடலைன்னு அர்த்தம். இதுல ஒரு நுணுக்கம். டிஜிட்டல் மீட்டர் ஒரு நொடிக்கு சில தடவைதான் நம்பரை மாத்தும், கண நேரத் துள்ளல் அதுல சிக்காது. முள் மீட்டர் இருந்தா அதுல பாருங்க. துல்லியமான நம்பர் கிடைக்காது, ஆனா முள் நடுங்குறது கண்ணுக்குத் தெரியும். மெக்காடியோட பெட்டி இன்னும் ஜெயிக்கிற இடம் இது.

மூணாவது அளவு: குமிழைச் சரியா பாதியில நிறுத்துங்க. இடமிருந்து வலமா திருகுறப்போ தொடங்குற பக்கக் காலுக்கும் நடுக்காலுக்கும் அளங்க. மொத்தத்துல பாதி வந்தா லீனியர், 10, 15 சதவீதம் வந்தா ஆடியோ டேப்பர். மேல "ஏ", "பி"ன்னு எழுத்து போட்டிருப்பாங்களேன்னு கேக்கலாம். அமெரிக்க, ஆசிய வழக்கத்துல ஏ-ன்னா ஆடியோ, பி-ன்னா லீனியர். ஐரோப்பிய வழக்கத்துல ஏ-ன்னா லீனியர். கடையில டப்பாவுல கலந்து கிடக்கிற பாட் எந்த ஊர்ல பிறந்ததுன்னு எழுத்தை வச்சுச் சொல்ல முடியாது. மீட்டர் சொல்லிடும்.

இப்போ வந்த நம்பரை என்ன செய்றது? வால்யூம் பாட் சிக்னலைப் பங்கு போடுற வேலைதான் செய்யுது. 8 லட்சமா 12 லட்சமாங்கிறது அங்கே பெரிய வித்தியாசம் காட்டாது, டேப்பர்தான் முக்கியம். டோன் பகுதியில கெபாசிட்டரோட சேர்ந்து வேலை செய்றதால மொத்த மதிப்பு முக்கியம். கிட்டாருக்குள்ளே இருக்கிற பாட்டுல இன்னும் முக்கியம், ஏன்னா அது பிக்கப் மேல நேரடியா சுமையா உட்காருது. 2 லட்சம் ஓம்ல சத்தம் கொஞ்சம் மந்தமா இருக்கும், 3 லட்சத்துல கொஞ்சம் பளிச்னு இருக்கும். "ஒரே மாடல், இது மட்டும் ஏன் வேற மாதிரி கேக்குது"ன்னு தலையைப் பிச்சுக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

பாட்டைத் திருகினா கரகரன்னு சத்தம் வருதுன்னா முதல் குற்றவாளி பாட்தான்னு எல்லாரும் முடிவு பண்ணிடுவாங்க. பல நேரம் தூசிதான், கான்டாக்ட் கிளீனர் போதும். புது பாட் மாத்தியும் கரகரப்பு போகலைன்னா, அதுக்கு முன்னாடி இருக்கிற கெபாசிட்டர் டிசி-யைக் கசிய விடுதான்னு சந்தேகப்படணும். அதை ஆம்ப் ஓடும்போதுதான் அளக்க முடியும், அதனால அனுபவம் உள்ள டெக்னீஷியன் கையில விட்டுடுங்க.

முதுகுல ஒரு பிறப்புச் சான்றிதழ்

நல்லா இருக்கிற பழைய பாட்டைத் தூக்கிப் போடக்கூடாதுன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. அமெரிக்க பாட்டுகளோட முதுகுல ஒரு நம்பர் அடிச்சிருக்கும். உதாரணமா 1376620. முதல் மூணு இலக்கம் 137-ன்னா சிடிஎஸ் கம்பெனி. 1896-ல் சிகாகோ டெலிபோன் சப்ளைன்னு டெலிபோன் பாகம் செய்யத் தொடங்கின அதே கம்பெனி. 304-ன்னா ஸ்டாக்போல், 134-ன்னா சென்ட்ராலாப். அடுத்த 66, வருஷம். கடைசி 20, அந்த வருஷத்தோட 20-வது வாரம். 1950-கள்ல வருஷத்துக்கு ஒரே இலக்கம்தான் அடிப்பாங்க.

பழைய கிட்டார், ஆம்ப் எப்போ செஞ்சதுன்னு கண்டுபிடிக்க இது பெரிய ஆதாரம். லட்சக்கணக்குல விலை மாறுற விஷயம். ஆனா இங்கேயும் அச்சடிச்ச நம்பர் முழு உண்மையைச் சொல்லாது. 1965-ல் ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ் வாங்கினது. 1966-ல் பாட்டுகளை மொத்தமா வாங்கிக் குவிச்சதால, அதுக்குப் பின்னாடி சில வருஷம் வரைக்கும் செஞ்ச கிட்டார்கள்ல 1966 நம்பரே இருக்கு. பாட்டோட நம்பர் சொல்றது "இதுக்கு முன்னாடி செஞ்சிருக்க முடியாது"ன்னு மட்டும்தான். எப்போ செஞ்சதுன்னு சொல்ல கழுத்துல இருக்கிற தேதி, டிரான்ஸ்ஃபார்மர் நம்பர், சால்டரோட பழமை எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கணும்.

இப்போ யோசிங்க. யாரோ ஒருத்தர் கரகரப்புக்காக அஞ்சு பாட்டையும் பிடுங்கிப் போட்டுட்டு, புதுசு மாத்திட்டு, "சர்வீஸ் பண்ணியாச்சு"ன்னு கொடுத்துட்டாருன்னா, அந்த ஆம்போட வரலாற்றுல அஞ்சு பக்கம் கிழிஞ்சு போச்சு. திரும்ப ஒட்ட முடியாது. அளந்து பார்த்திருந்தா, கிளீன் பண்ணிப் பார்த்திருந்தா, நாலாவது மிஞ்சியிருக்கும்.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஆம்ப் கட்டும்போதோ, பழசைப் பிரிக்கும்போதோ, ஒவ்வொரு பாட்டையும் அளந்து, மொத்த மதிப்பு, பாதித் திருகல் மதிப்பு ரெண்டையும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்ல பென்சிலால எழுதி, பெட்டிக்குள்ளே ஒட்டிடுங்க. தேதியும் போடுங்க. மாத்தினா, கழட்டின பழைய பாட்டை ஒரு கவர்ல போட்டு உள்ளேயே வச்சுடுங்க. முப்பது வருஷம் கழிச்சு அதைத் திறக்கப்போற ஒருத்தர் உங்களுக்கு மனசுக்குள்ள நன்றி சொல்வார்.

கேள்வி இருந்தா அனுப்புங்க. கெபாசிட்டரை வடிய விட மறக்காதீங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.